கரை வரிசையைக் கிளவுடில் ஏற்றிய மாப்பிள்ளைக்கு

நெடுவாண்டிப்பட்டி,
குன்றாண்டார்கோவில் ஒன்றியம்,
புதுக்கோட்டை மாவட்டம்.
01.07.2025

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை பிரவீன்குமார் அவர்களுக்கு,

மாமனார் ஆண்டியப்பன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் அத்தை செல்வராணியும் உடலளவில் நலம். அங்கு தாங்களும் என் மகள் மணிமேகலையும் எல்லா அளவிலும் நலமாக இருக்க நம் அய்யனாரை வேண்டுகிறேன். சென்னையில் தண்ணீர் லாரி நாள் தவறாமல் வருகிறதா? மணிமேகலைக்குச் சளி விட்டதா? கோயம்புத்தூரில் இருக்கும் தங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சில் குரல் உயரும் அபாயம் உண்டு; மாப்பிள்ளையிடம் குரல் உயர்த்துவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மாப்பிள்ளையைக் கடிந்துகொள்வதும் வழக்கமில்லை. ஆகையால் இக்கடிதத்தின் எந்த இடத்திலும் தங்களை நான் கடிந்துகொள்ளவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே பதிவுசெய்கிறேன். நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதுகிறேன். வரிசை என்ற ஒன்று உலகில் உண்டு என்பதற்கு இதுவும் ஒரு சான்றாக இருக்கட்டும்.

தாங்கள் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பதினோரு கரை. கரை என்பது ஒரு வகையறா. ஒரே மூதாதையின் வழியில் வந்த வீடுகளின் கூட்டம். புரவி எடுப்பு என்றால், கரைக்கு ஒன்றாகப் பதினோரு மண்குதிரைகளை ஊர்க் குயவரான வேளார் செய்து, சுட்டு, சூளையடியில் நிறுத்திவைப்பார். கரைக்காரர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய் அய்யனார் கோயிலில் வைப்பார்கள். எந்தக் குதிரை முதலில் கிளம்புகிறது, யார் கையில் முதல் விபூதி விழுகிறது என்பதுதான் திருவிழா. மற்றதெல்லாம் மேளம். பதினான்கு ஆண்டுகளாக எங்கள் ஊரில் எடுப்பு நடக்கவில்லை. கடைசியாக நடந்தபோது என் தந்தையார் சூளையடியில் நின்று கரைகளின் பெயர்களை வாசித்தார். நான் அப்போதுதான் இலுப்பூரில் உரக்கடை திறந்திருந்ததால் நேரில் காண இயலவில்லை. நேரில் கண்டவர்களோ இன்று ஆளுக்கொரு வரிசை சொல்கிறார்கள். பெயரை வாசிப்பவர் வீடு முதல் கரையாகத்தானே இருக்க முடியும். நாங்கள் முதல் கரை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பொருளியலில் எம்.ஃபில். முடித்த ஒருவன் தன் வீட்டு மண்குதிரை எத்தனையாவதாகப் போகிறது என்பதில் மனதைச் செலுத்துவதில்லை. உண்மை என்ற ஒரே காரணத்துக்காகச் சொல்கிறேன்.

தலைதீபாவளிக்கு வந்திருந்த தாங்கள், இரண்டு நாள் மழையில் வெளியே போக முடியாமல், என் கைபேசியில் ஒரு செயலி செய்து கொடுத்தீர்கள். நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல, கரைத்தலைவர் பெயர், கைபேசி எண், இரத்த வகை, வீட்டு ஆட்கள், குதிரை தூக்குவோர் என்று தாங்கள் ஒவ்வொன்றாக ஏற்றினீர்கள். அது என் கைபேசியில் மட்டும் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. முதல் கரை முதலில் இருந்தது. பதினோராம் கரை பதினோராவதாக இருந்தது. ஒரு செயலியிடம் இதற்குமேல் மனிதன் எதிர்பார்க்க என்ன இருக்கிறது?

வைகாசியில் ஊர்க்கூட்டம் போட்டு, இந்த ஆண்டு ஆனியில் எடுப்பு என்று முடிவானபோது, வரிசைத் தகராறு வந்துவிடக்கூடாதே என்ற பொதுநல நோக்கில் ‘செயலியில் உள்ளதே முடிவு’ என்ற தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன். என் மாப்பிள்ளை சென்னையில் கம்ப்யூட்டர் என்ஜினீயர் என்பதையும், தேவைக்கு அதிகமாகவே, குறிப்பிட்டேன். பதினோரு கரைத்தலைவர்களும் கையெழுத்திட்டார்கள். ராக்கன் மட்டும் கையெழுத்திட்ட பின்பும் எழுந்தார். உறவில் பங்காளி, நான்காம் கரை என்று நான் சொல்லித் தாங்கள் ஏற்றிய கரையின் தலைவர்.

“ஒங்க போன்ல இருக்குறத நாங்க எப்படிப் பாக்குறது? நீங்க பாட்டுக்கு ஒங்க பேர மொதல்ல போட்டு வச்சிருப்பீங்க” என்றார்.

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றே தங்களை வீடியோவில் அழைத்து, எல்லார் கைபேசியிலும் தெரியும்படி செய்ய இயலுமா என்று கேட்டேன்.

“ஈஸிங்க மாமா. டேட்டாவ கிளவுடுல வச்சு ஆப்ப அதோட கனெக்ட் பண்ணிட்டா, எல்லார் போன்லயும் ஒண்ணே தெரியும். அவங்கவங்க டீட்டெயில்ஸ அவங்களே மாத்திக்கலாம்.”

“வரிசை மாறாதே?”

“எல்லாம் சேஃபா இருக்குங்க மாமா.”

இப்போது யோசிக்கையில், நான் கேட்டது ஒன்று, தாங்கள் சொன்னது வேறொன்று என்று தெரிகிறது. தாங்கள் சொன்னது பொய்யில்லை. பதினோரு கரைகளும் சேஃபாக இருந்தன. எது எங்கே என்பதுதான் இல்லை.

எட்டு நாள் கழித்து, ராக்கன் யூரியா வாங்க என் கடைக்கு வந்தார். வழக்கமாக அவர் கடைக்குள் நுழையும்போதே விலையைத் திட்டுவார். அன்று திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்ன பங்காளி, நாங்கதான் மொதக் கரையாம்ல. ஒங்க மாப்பிள்ளையே போட்டுவிட்டுருக்காரு. தங்கமான புள்ள.”

கைபேசியைத் திறந்து பார்த்தேன். முதலில் ராக்கன் இருந்தார். நாங்கள் இரண்டாவதாக இருந்தோம். அவர் புதிய சிம் வாங்கி, எண்ணை மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான் செய்திருக்கிறார். உடனே தங்களை அழைத்தேன். கை முழுக்க உரத்தூள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஓ, அதுங்களா மாமா. லிஸ்ட் லாஸ்ட் அப்டேட் படி வருது. யாரு கடைசியா எடிட் பண்றாங்களோ அவங்க மேல வந்துருவாங்க. சின்ன விஷயம் மாமா, வீக்எண்ட்ல பாத்துடறேன்.”

கடையில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். ஆறும் வெவ்வேறு கரை. ஒவ்வொருவராகச் சட்டைப்பைக்குள் கைவிட்டார்கள். மூட்டைக்குக் காசு கொடுத்தவர் மூட்டையை மறந்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என்ன நடந்தது என்பதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். ஏழாம் கரை ஆனந்தராஜ் தம் மனைவியின் தலைப்பெழுத்தைத் திருத்தி முதல் கரை ஆனார். அதைக் கேள்விப்பட்ட ராக்கன் தம் இரத்த வகையை மாற்றி மீண்டும் முதல் கரை ஆனார். ஒன்பதாம் கரையில் ஒரு குழந்தை பிறந்து, அரைமணி நேரத்தில் நீக்கப்பட்டு, மறுநாள் காலையில் மீண்டும் பிறந்தது. நூறுநாள் வேலைக்கு வந்த பெண்கள் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு, புருஷன் பெயரில் ஒரு எழுத்தைப் போடுவதும் எடுப்பதுமாக இருக்க, மேற்பார்வைக்கு வந்தவர் இது ஏதோ புதிய வருகைப்பதிவு என்று நினைத்துத் தாமும் ஒரு பெயரைத் தட்டிவிட்டுப் போனார். வாரக் கடைசிக்குள் ராக்கனின் இரத்த வகை நான்கு முறை மாறியிருந்தது, மருத்துவ உலகம் இதுவரை கண்டிராத ஒன்று. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். “இப்ப யாரு?” என்று கேட்டார்கள். தங்கள் அத்தைகூட, “ஏங்க, கொழம்பு கொதிக்குதுன்னு அடுப்பப் பாத்துட்டுத் திரும்புறதுக்குள்ள நாம ஆறாவதுக்குப் போயிட்டமே” என்று கரண்டியோடு வந்து நின்றாள்.

நான் இந்தப் போட்டியில் கலந்துகொள்ளவில்லை. என் விவரத்தில் எம்.ஃபில். விடுபட்டிருந்தது, அதைச் சேர்த்தேன். பின்பு அதன் முடிவில் ஒரு புள்ளி கூடுதலாக இருப்பதுபோல் தோன்றியது; எடுத்தேன். புள்ளி இருப்பதே முறை என்று பின்னர் தெளிவு ஏற்பட்டது, வைத்தேன். இவை திருத்தங்கள். திருத்தத்துக்கும் போட்டிக்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்கள் அறிவீர்கள்.

வீக்எண்ட் வந்தது. தாங்கள் மகாபலிபுரம் சென்றிருந்ததை மணிமேகலையின் ஸ்டேட்டஸ் மூலம் அறிந்தேன். கடல் அழகாக இருந்தது.

இதற்குள் ஊரில் பேச்சு முற்றிவிட்டது. தம் குதிரைக்கு முன்னால் ராக்கன் குதிரை போனால் பாதையில் படுத்துக்கொள்வோம் என்று ஒரு கரை. ராக்கன் குதிரை பின்னால் போனால் தாசில்தாரிடம் மனுக் கொடுத்து எடுப்பையே நிறுத்துவோம் என்று ராக்கன். வேளார் பெரியகருப்பன் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். குதிரை செய்கிறவரும் அவர்தான், அய்யனாருக்குப் பூசை வைக்கிறவரும் அவர்தான்.

“ஒரு மாசமா மண்ணு மிதிச்சுச் செஞ்ச குருதைங்க. தடைன்னு வந்துருச்சுன்னா அங்கனயே மழையில கெடந்து கரைஞ்சு போகும். அய்யனாருக்கு எடுக்காத குருதய நான் என்ன பண்ணுறது? ஏதாச்சும் ஒரு வழி பண்ணுங்க, படிச்சவுக.”

படித்தவன் என்ற முறையில் தங்களை அழைத்தேன். ஏதோ மீட்டிங்கில் இருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை, இருபத்தேழாம் தேதி, காலை பத்து மணிக்கு ஊரே சூளையடியில் கூடியது. ஒரு போலீஸ் வேன் புளியமரத்து நிழலில் நின்றது. பதினோரு குதிரைகளும் மாலை போட்டு, கழுத்தில் புதுத்துண்டு கட்டி, கண் திறந்து நின்றன. அவ்வளவு பெரிய கண்களால் அவை எங்களைப் பார்த்தது எனக்கு உவப்பாக இல்லை. கோயிலுக்குப் போகும் பாதை, இருபுறமும் கருவேலம் மண்டி, ஒரு நேரத்தில் ஒரு குதிரை மட்டுமே நுழையக்கூடியது. எனவே யாராவது ஒருவர் முதலில் போயே ஆகவேண்டும்.

“தீர்மானப்படி வாசிங்க. எந்தக் குருத மொதல்ல?” என்றார் வேளார்.

ராக்கன் தம் கைபேசியை நீட்டினார். “இந்தா பாருங்க. நாங்க.”

“யோவ், கண்ணாடியப் போட்டுப் பாரு. நாங்கள்ல மொதல்ல இருக்கோம்” என்று ஆனந்தராஜ் தம்முடையதை நீட்டினார்.

நான் என்னுடையதைத் திறந்தேன். அதில் முதலில் இருந்தவன் நான். அறம் வென்றது என்று ஒரு கணம் நிம்மதி அடைந்தேன். அதே நிம்மதி மற்றப் பத்து முகங்களிலும் இருப்பதை மறுகணம் கவனித்தேன்.

காரணம் எளிது. சூளையடி பள்ளத்தில் இருக்கிறது. எந்தக் கம்பெனி டவரும் அங்கு எடுக்காது. பதினோரு பேரும் பள்ளத்தில் இறங்கியபின் கடைசியாக ஒருமுறை தத்தம் விவரத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அந்தத் திருத்தம் கிளவுடுக்குப் போகாமல், மற்றவர் கைபேசிக்கும் போகாமல், அவரவர் கைபேசியிலேயே நின்றுவிட்டது. ஆக, பதினோரு கைபேசி, பதினோரு வரிசை, ஒவ்வொன்றிலும் அதை வைத்திருப்பவரே முதல்.

வேளார் ஒரு கோணிச்சாக்கை விரித்து, பதினோரு கைபேசிகளையும் அதில் பரப்பச் சொன்னார். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“ஆப்ல இருக்குறதுதான் முடிவுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுருக்கீங்க.”

“ஆமா” என்றோம்.

“அது பொய் சொல்லாதுல்ல?”

“சொல்லாது” என்றார் ராக்கன். மற்றவர்களும் சொன்னார்கள். நானும் சொல்ல வேண்டியதாயிற்று, முன்மொழிந்தவன் நான்.

“அப்பப் பதினொண்ணும் மொதக் குருததான். தூக்குங்க.”

“பாதையில ஒண்ணுதானய்யா போகும்?” என்றார் ஆனந்தராஜ்.

“பாதை எதுக்கு? கம்மா காஞ்சுதான கெடக்கு. அங்கிட்டு எறங்கி நேரா நடங்க.”

அவ்வாறே நடந்தது. வறண்ட கண்மாய்க்குள் பதினோரு குதிரைகளும் அருகருகே, ஒரே கோட்டில், ஏதோ பந்தயத்துக்குக் கிளம்பியவை போலப் புறப்பட்டன. பக்கத்துக் குதிரையின் மூக்கைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் நடந்ததால் ஒன்றும் அரை அடிகூட முந்தவில்லை. மேளக்காரர்கள் எந்தக் குதிரைக்கு முன்னால் வாசிப்பது என்று தெரியாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடி, நடுக் கண்மாயில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். கோயிலில் விபூதித் தட்டைச் சுற்றிப் பதினோரு கைகள் நீண்டன. வேளார் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை நிறைய அள்ளி மேலே தூவினார். யார் கையில் முதலில் விழுந்தது என்று அந்த அய்யனாருக்கே தெரியாது. என் கண்ணிலும் விழுந்தது.

அடுத்து நடந்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. சண்டை வரவில்லை. ஒருவரும் பாதையில் படுக்கவில்லை. போலீஸ் வேன் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியது. பதினோரு கரையும் தாங்களே முதலில் போனதாக நம்பி, சிரித்த முகத்தோடு வீடு சேர்ந்தது. ராக்கன் என்னைக் கட்டிப்பிடித்து, “பங்காளி, ஒங்க மாப்பிள்ள ஊருக்கு வந்தா மால போடணும். நாங்க மொதல்ல போயிட்டம்ல” என்றார். ஐந்து நிமிடம் கழித்து ஆனந்தராஜ் வந்து இதையே சொன்னார். மறுநாள் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர் கடைக்கு வந்து, “அந்த டவர் எடுக்காத ஆப் எங்க ஊருக்கும் வேணுங்க” என்கிறார்கள்.

மாப்பிள்ளை அவர்களே, எல்லாரிடமும் உள்ள பொருளுக்கு மதிப்பில்லை என்பது பொருளியலின் முதல் பாடம். முதல் கரை பதினொன்று இருக்கும் ஊரில் முதல் கரை என்ற சொல்லுக்கு என்ன பொருள்? என் தந்தையார் நின்று வாசித்த இடத்தில் நான் ஒரு கோணிச்சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊர் அமைதியாக இருக்கிறது என்பார்கள். அமைதி என்பது வேறு, நியாயம் என்பது வேறு. தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு வரிசையை, ‘கடைசியாகத் தொட்டவர் முதலில்’ என்ற ஒரே விதியால் தாங்கள் எட்டு நாளில் கலைத்துவிட்டீர்கள். தங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தெரிவிக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இக்கடிதம் கண்டவுடன் அந்தச் செயலியைக் கிளவுடிலிருந்து துண்டிக்கவும். ஏதோ காரணத்தால் அது இயலாதெனில், ஒவ்வொரு கரைக்கும் ‘வரிசை எண்’ என்ற ஒரு கட்டத்தைச் சேர்த்து, யாரும் தொட்டு மாற்ற முடியாதபடி பூட்டிவிடவும். எண் என்பது மனிதகுலத்தால் இதற்காகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்று முதல் பதினொன்று வரையிலான சரியான வரிசையைத் தனித்தாளில் எழுதி இணைக்கிறேன். நாளை வேளாரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கியபின் உறையை ஒட்டுவேன். அந்தத் தாளை மட்டும் பின்பற்றவும். தங்கள் சொந்த யோசனை எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

தங்களுக்கும் மணிமேகலைக்கும் அய்யனார் நீண்ட ஆயுளும் நிறைந்த இல்லமும் அருளட்டும். ஆடிக்கு அழைக்க நானும் தங்கள் அத்தையும் முறைப்படி சென்னைக்கு வருகிறோம். அப்போது இது குறித்து நான் ஒரு சொல்லும் பேசமாட்டேன்.

என்றும் தங்கள் நலம் நாடும் மாமனார்,
பெரி. ஆண்டியப்பன், எம்.ஏ., எம்.ஃபில்.

இணைப்பு: வரிசைத் தாள் (ஒன்று)

பி.கு. (03.07.2025): இணைப்பு இல்லை.

நேற்று வரிசைத் தாளோடு வேளார் வீட்டுக்குப் போனேன். அவர் அதை ஒருமுறை படித்தார். பின் உள்ளே போய், குதிரைகளுக்குக் கண் திறக்கும் ஊசி வைத்திருக்கும் தகரப்பெட்டியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துவந்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஊர் கூடி எழுதிய ஒப்பந்தமாம். அதில் முதல் கரை ராக்கன் வகையறா. பெயர் வாசிக்கும் பொறுப்பு எங்கள் வீட்டுக்கு; வாசிக்கிறவர் வீடு முந்தக்கூடாது என்பதால் எங்கள் குதிரை எல்லாவற்றுக்கும் கடைசி, பதினொன்றாவது. கீழே என் தந்தையாரின் கையெழுத்து. மிகத் தெளிவான கையெழுத்து.

“இதை ஏன் முன்னமே காட்டவில்லை?” என்று கேட்டேன்.

“யாரும் கேக்கலையேங்க.”

“இப்போது யாரிடமாவது காட்டுவீர்களா?”

“நான் எதுக்குக் காட்டப்போறேன்? பதினோரு பேரும் சந்தோசமாப் போனாங்க. அதக் கெடுப்பானேன்?”

ஆகவே மேலே எழுதியவற்றை மறுபரிசீலனை செய்ததில், கிளவுடு இணைப்பைத் துண்டிக்க வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்துள்ளேன். வரிசை எண் என்ற கட்டமும் தேவையில்லை. அது தேவையற்ற கேள்விகளைக் கிளப்பும். தங்கள் செயலி மிகவும் சிறப்பாக உள்ளது.

வெள்ளிக்கிழமை சூளையடியிலிருந்து கிளம்பும்போது, டவர் எடுக்கும் மேட்டுக்கு ஏறுமுன்பே என் கைபேசியை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டேன். அப்படியே வைத்திருக்கிறேன். அதில் நாங்கள் இன்னும் முதலில் இருக்கிறோம். அவசரம் ஏதும் இருந்தால் தங்கள் அத்தையின் எண்ணுக்கு அழைக்கவும்.